விடுபட்ட துணைக்கால்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஓடும் தனியார் பஸ் ஒன்றில் சகாயராஜ் கண்டக்டராக இருந்த வரைக்கும், கூட்டேரிப்பட்டில் இறங்க வேண்டிய ஆள் தூங்கிப்போய் விக்கிரவாண்டியில் கண் விழித்தான் என்ற பேச்சே கிடையாது. அப்படி ஒரு குரல் அவனுக்கு. பாட்டுச் சத்தத்தையும் ஹாரனையும் மீறி, கடைசி சீட்டுக்காரனின் காதுக்குள் போய் உட்காரும்.

அந்த பஸ்ஸில்தான் அவன் தங்கை ரோஜா இன்ஜினியரிங் காலேஜுக்குப் போய் வந்தாள். அம்மா முன்பே போய்விட்டாள். கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா தேவசகாயமும், ரோஜா எட்டாவது படிக்கும்போது மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதற்கப்புறம் அண்ணன்தான் வளர்த்தான். தினமும் டிரைவருக்குப் பக்கத்து இடத்தை அவளுக்குப் பிடித்து வைப்பான். அத்தோடு விட்டானா? பஸ்ஸில் ஏறும் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "எந்தங்கச்சி கம்ப்யூட்டர் படிக்குது" என்று ஒலிபெருக்கி வைத்ததுபோலச் சொல்லிவிடுவான். ரோஜாவுக்கு மானம் போகும். துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

படிப்பு முடிந்து, விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. பெங்களூரில் இருந்து திரும்பி வந்த சித்தார்த்தன் என்பவர் நடத்தியது. பேச முடியாதவர்களுக்காக ஒரு பேசும் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். போனில் தமிழில் எழுதினால், கழுத்தில் தொங்கும் கைக்கடக்கமான பெட்டி அதைப் படித்துச் சொல்லும். பக்கவாதம் வந்தவர்கள், தொண்டையை எடுத்தவர்கள் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பெட்டிக்குள் ஓடும் புரோகிராமில், போனிலிருந்து எண்களாக வரும் பைட்டுகளை வாங்கி எழுத்தாக மாற்றும் பகுதியை எழுதியவள் ரோஜா.

அந்த வேலை வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுமில்லாததுபோலத் தெரியும். கம்பியில்லாமல் காற்றில் வருகிற சமாச்சாரம், எல்லா நேரமும் சுத்தமாக வராது. ஒரு பைட் கெட்டுப்போய் வரலாம், பாதி எழுத்து வரலாம். எழுத்தே ஆகாத ஒன்று வந்தால் என்ன செய்வது என்பதைப் புரோகிராம் எழுதுகிறவர் முன்னாலேயே முடிவு செய்தாக வேண்டும். நிறுத்திவிடலாம். "இங்கே ஏதோ கெட்டிருக்கிறது" என்று ஓர் அடையாளம் வைக்கலாம். இல்லாவிட்டால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடலாம்.

முதலில் ரோஜா அடையாளம்தான் வைத்திருந்தாள். கெட்ட பைட் வந்தால் பெட்டி 'கீச்' என்று ஒரு சத்தம் போடும். வளவனூரில் இருந்து பெட்டியைச் சோதித்துப் பார்க்க வந்த வெள்ளையம்மாள் என்ற பெரியம்மா, பக்கவாதத்தில் பேச்சு போனவர், அந்தக் கீச்சைக் கேட்டுப் பயந்து பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு அழத் தொடங்கிவிட்டார்.

"தெரியாத எழுத்த வுட்டுட்டுப் போயிடட்டும் ரோஜா. ஒரு எழுத்து போனா என்னா, ஜனங்க புரிஞ்சிப்பாங்க" என்றார் சித்தார்த்தன்.

ரோஜாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சாயந்திரமே மாற்றிவிட்டாள். கீச்சு நின்றது. கெட்டது எதுவும் சத்தமில்லாமல் கீழே விழுந்தது. வெள்ளையம்மாள் அடுத்த வாரம் வந்து சிரித்த முகத்தோடு பெட்டியை வாங்கிப் போனார்.

அதற்கு அடுத்த வருஷம் சகாயராஜின் குரல் கம்மத் தொடங்கியது.

கத்திக் கத்தி வந்த கம்மல் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் மிளகுக் கஷாயம் குடித்துக்கொண்டே விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று கத்திக்கொண்டிருந்தான். எச்சிலில் ரத்தம் வந்த பிறகுதான் அவன் மனைவி அம்மணி பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓட்டை வைத்து, அதன் வழியாக மூச்சு விட்டான். ரோஜா ஒரு பெட்டியைக் கொண்டுவந்து அண்ணன் கழுத்தில் மாட்டினாள். தான் செய்த ஒன்று தன் வீட்டுக்கே வரும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

மற்றவர்கள் அந்தப் பெட்டியில் "தண்ணி வேணும்", "வலிக்குது" என்று இரண்டு வார்த்தை பேசுவார்கள். சகாயராஜ் அப்படியல்ல. நாள் முழுக்கப் பேசிப் பழகியவன். போனில் கட்டைவிரலை ஓட்டி நீட்டி நீட்டி எழுதுவான். அம்மணியின் குழம்பைக் குறை சொல்வான். எதிர்வீட்டு ரஞ்சித்தின் பைக்கைப் பற்றி விசாரிப்பான். நடுவே சில சமயம் ஒரு சொல் நொண்டும். வேர்க்கடலையை "மல்லாட்டை" என்று எழுதியது "மல்லட்டை" என்று வரும். அவன் தோளைக் குலுக்கிச் சிரிப்பான். ரோஜாவும் சிரிப்பாள். படித்துச் சொல்லும் குரல் கொஞ்சம் மழுங்கல், அடுத்த தடவை வேறு குரல் வாங்கிப் போடலாம் என்று நினைத்துக்கொள்வாள்.

நோய் திரும்பி வந்தது. கழுத்தின் ஓரத்தில் ஒரு கட்டி. ஏற்கெனவே ஒரு சுற்று கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்து, வாயும் தொண்டையும் வெந்து, எச்சில் விழுங்கக்கூட முடியாமல் அவன் பட்டபாட்டை வீடே பார்த்திருந்தது. இப்போது மறுபடியும் கரண்டு என்றார்கள். டாக்டரம்மா நல்லவர். ஒளித்துப் பேசவில்லை.

"வெச்சா கொஞ்ச காலம் தள்ளிப்போடலாம். ஆனா கஷ்டம் போன தடவையவிட ஜாஸ்தியா இருக்கும். ஒடம்பு அவரோடது, அவர்தான் சொல்லணும்."

சகாயராஜ் போனை எடுத்தான். அன்றைக்கு அவன் கட்டைவிரல் மெதுவாகத்தான் ஓடியது. அம்மணி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரோஜா எதிரே உட்கார்ந்திருந்தாள். அவன் எழுதி முடித்து அமுக்கினான். பெட்டி பேசியது.

"கரண்டு இனி என்னால முடியது வூட்டுக்குப் போலாம்."

அங்கிருந்த மூன்று பேரின் காதிலும் அது "முடியுது" என்றுதான் விழுந்தது. கரண்டு தாங்க முடியுது, முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அம்மணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "ஆண்டவரே" என்று அழுதாள். சந்தோஷ அழுகை. டாக்டரம்மா அவன் கையைத் தட்டிக்கொடுத்து, "தைரியமான ஆளு. அப்ப நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்றார்.

சகாயராஜ் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தான். ரோஜா கண் கலங்கச் சிரித்து, தலையை ஆட்டினாள்.

அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாளில் இருந்து அவன் பேச்சு குறைந்துபோனது. "தண்ணி", "போதும்", "லைட்ட நிறுத்து". அவ்வளவுதான் பெட்டியில் வரும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் எழுந்து வருவான், படுக்கச் சொன்னால் படுப்பான். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. கஞ்சி இறங்கவில்லை. ரோஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். வலியில் அப்படி இருக்கிறான் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவனுக்குப் பிடித்த கேப்பைக் கூழை நீர்க்கக் கரைத்துக் கொண்டுபோய் வைப்பாள். தொட மாட்டான்.

கரண்டு வைத்து முடிந்து திண்டிவனம் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு வந்த அம்மணி, கஞ்சி டம்ளரை அவன் வாயருகே பிடித்துக்கொண்டு கெஞ்சிப் பார்த்தாள். அவன் கையால் தள்ளினான். கஞ்சி தரையில் கொட்டியது. அத்தனை நாள் பொறுத்திருந்தவளுக்கு அன்று தாங்கவில்லை.

"நானா ஒங்கள கரண்டு வெச்சுக்கச் சொன்னேன்? நீங்கதான டாக்டரம்மாகிட்ட முடியுது, முடியுதுன்னு சொன்னீங்க! இப்ப எம்மேல கோவப்பட்டுக்கினு இருந்தா நான் என்னா செய்யறது?"

சகாயராஜ் அவளை நிமிர்ந்து பார்த்தான். நெற்றி சுருங்கியது. போனை எடுத்து எழுதினான். பெட்டி கேட்டது: "நானா?"

"ஆமா, நீங்கதான். நாங்க மூணு பேரும் கேட்டமே. ரோஜா, நீ சொல்லு."

"ஆமாண்ணா. முடியுதுன்னுதான சொன்ன" என்றாள் ரோஜா.

அவன் போனில் பழையவற்றை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். 'தண்ணி', 'போதும்', 'தண்ணி', 'போதும்' என்று நெடுக ஓடி, கடைசியில் ஓரிடத்தில் நிறுத்தி, போனைத் தங்கையிடம் நீட்டினான்.

கரண்டு இனி என்னால முடியாது வூட்டுக்குப் போலாம்.

ரோஜா அதைப் படித்தாள். அம்மணி எட்டிப் பார்த்து, "என்னா போட்டிருக்குது?" என்று கேட்டாள். ரோஜா போனை அவள் பக்கம் திருப்பினாள். அம்மணியே எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, கொட்டிய கஞ்சியைத் துடைக்கக் கொண்டுவந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் ரோஜா வழக்கத்துக்கு முந்தியே கம்பெனிக்குப் போய், அந்த வரியை அப்படியே ஒரு பெட்டிக்கு அனுப்பினாள். "முடியது" என்றது. மறுபடி அனுப்பினாள். மறுபடியும் "முடியது". காற்றில் கெட்டிருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் கெடாது. அப்படியானால் கோளாறு புரோகிராமில்தான்.

போன், எழுதிய வாக்கியத்தை மொத்தமாக அனுப்பாது. அறுபத்து நான்கு பைட்டாக நறுக்கித்தான் அனுப்பும். இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட் போதும். எங்கே நறுக்கினாலும் எழுத்து முழுசாகவே இருக்கும். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், அதன்மேல் வரும் கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட். வாக்கியம் நீண்டால் நறுக்கு எழுத்தின் நடுவிலும் விழும். அன்று அது 'யா'வின் துணைக்காலில் விழுந்திருந்தது. ஒரு பைட் முதல் துண்டின் கடைசியில் நின்றது. மீதி இரண்டும் அடுத்த துண்டின் தொடக்கத்தில் வந்தன. ரோஜாவின் புரோகிராம் ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்த்தது. முதல் துண்டின் ஓரத்தில் நின்றது அரைகுறை என்று தள்ளியது. இரண்டாம் துண்டில் தலையில்லாமல் வந்த இரண்டும் குப்பை என்று தள்ளியது. கெட்டுப்போனது எதுவுமே இல்லை. எல்லாம் சரியாகத்தான் வந்து சேர்ந்திருந்தது.

கீச் என்ற அந்தச் சத்தம் இருந்திருந்தால், முதல் வாரத்திலேயே இது தெரிந்திருக்கும். டாக்டரம்மாவின் அறையிலும் அது கீச்சிட்டிருக்கும். "என்னா சொல்ற, திருப்பிச் சொல்லுண்ணா" என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. துண்டின் ஓரத்தில் அரைகுறையாக நிற்பதைத் தள்ளாமல் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த துண்டு வந்ததும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அவ்வளவுதான். அந்த வரிகளை அடித்து முடித்து, பெட்டி "முடியாது" என்று தெளிவாகச் சொன்னதும், ரோஜா கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று வீட்டுக்குப் போனவுடன் அண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை.

"அண்ணா, தப்பு பொட்டியிலதான். நான் எழுதுனது. நீ முடியாதுன்னு எழுதுனத அது முழுங்கிடுச்சு. சத்தியமா எனக்கு முடியுதுன்னுதான் கேட்டுச்சு."

அவன் எழுதினான். பெட்டியை அமுக்கவில்லை. போனை அவளிடம் திருப்பி, வாயைக் காட்டிச் சைகை செய்தான். நீ படி.

அவள் படித்தாள். "'கரண்டு கூட எனக்குப் பெரிசா தெரியல பாப்பா. நீ தலையாட்டினதுதான்.'"

அவன் மறுபடி எழுதி நீட்டினான்.

"'கேட்டுக்கினே தலையாட்டுறன்னு நெனச்சேன்.'"

ரோஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் இன்னொரு கையால் அவள் தலையைத் தடவினான். அப்புறம் கையை விடுவித்துக்கொண்டு இன்னும் ஒன்று எழுதினான்.

"'மத்தவங்க பொட்டியெல்லாம்?'"

மற்றவர்களைப் பற்றி அவள் அதுவரைக்கும் யோசித்திருக்கவில்லை.

சித்தார்த்தனிடம் போய்ச் சொன்னபோது அவர் முகம் வெளுத்தது. திருத்தத்தை எல்லாப் பெட்டிக்கும் உடனே அனுப்பச் சொன்னார். ஆனால் வாங்கியவர்களிடம் விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று ரோஜா சொன்னதும் தயங்கினார்.

"சரியாயிடுச்சில்ல. இப்ப போய்ச் சொன்னா எல்லாரும் பழசயெல்லாம் தோண்டிக்கினு பேஜாராவாங்க, ரோஜா. யாருக்கு என்னா லாபம்?"

"எங்கண்ணன் நான் வேணும்னே பண்ணேன்னு நெனச்சிக்கினு செத்திருப்பாரு சார். அப்படி இன்னும் எத்தினி பேரு வூட்ல நெனச்சிக்கினு இருக்காங்களோ."

அவர் வாங்கியவர்களின் பட்டியலை எடுத்து அவள் முன்னால் வைத்து, "நீயே பேசு. என் பேரயும் சொல்லு. அந்தக் கீச்ச நிறுத்தச் சொன்னவன் நான்தான்" என்றார்.

ரோஜா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினாள். பலருக்கு அவள் சொன்னது விளங்கவில்லை. சிலர் திட்டினார்கள். பொம்மையார்பாளையத்தில் கிருஷ்ணசாமி என்று ஒரு மீனவர் பெட்டி வாங்கியிருந்தார். கூப்பிட்டபோது அவர் மகள் கவிதா எடுத்தாள்.

"அப்பா போயி ஆறு மாசம் ஆவுதுங்க. கடைசி வரைக்கும் அதுலதான் பேசிக்கினு இருந்தாரு. நல்லாத்தான் கேட்டுச்சு. ஒரு கொறையும் இல்ல."

ரோஜா விஷயத்தைச் சொன்னாள். மறுபக்கத்தில் அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப எது எது கேக்காம போச்சுன்னு எப்பிடிங்க தெரிஞ்சிக்கிறது?"

"அவரு போன் இருக்குதாம்மா?"

"அத வித்துட்டமே" என்றாள் கவிதா.

சகாயராஜ் அந்த ஐப்பசி மழையில் இறந்தான். கடைசி நாட்களில் பெட்டியை அவன் தொடவில்லை. எழுதுவதை ரோஜாவோ அம்மணியோ பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்வார்கள். அவன் வேலை பார்த்த பஸ்ஸின் டிரைவர் நடராசன் ஒருநாள் வந்திருந்தார். அவன் எழுதியதை ரோஜா மெல்லிய குரலில் படிக்கவும், சகாயராஜ் கையை உயர்த்தி, இன்னும் சத்தமாக என்று சைகை காட்டினான். "'ஓரத்த வுட்டுத் தள்ளி நிறுத்தாத, கிழவிங்க எறங்க மாட்டாம நிக்குதுங்க'" என்று அவள் சத்தம் போட்டுப் படித்தாள். நடராசன் சிரித்துக்கொண்டே வெளியே போய், தெருவில் நின்று அழுதுவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போனபின், ஒரு மத்தியானம் அம்மணி பெட்டியைத் துணியில் சுற்றி ரோஜாவிடம் கொடுத்தாள்.

"வேற யாருக்காவது ஆவும். கம்பெனிக்கு எடுத்துக்கினு போ."

ரோஜா அதை மடியில் வைத்துக்கொண்டு, பல நாள் கேட்க நினைத்ததைக் கேட்டாள். "அண்ணி, அன்னிக்கி அது சரியா சொல்லியிருந்தா, கரண்ட நிறுத்தியிருப்பீங்க இல்ல?"

அம்மணி வாசலில் காயப்போட்ட சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்" என்றாள். "அவரு முடியாதுன்னு சொல்லியிருந்தாலும் நான் வுட்டிருக்க மாட்டேன் ரோஜா. உண்மையச் சொல்லணுமில்ல. அவரு காலப் புடிச்சிக்கினு கெஞ்சியிருப்பேன். எனக்காக ஒரே ஒரு தடவன்னு அழுதிருப்பேன். அவரு எனக்காக வெச்சுக்கினுதான் இருந்திருப்பாரு."

"அப்ப எல்லாம் ஒண்ணுதானா அண்ணி?"

"எப்பிடி ஒண்ணாவும்?" அம்மணி திரும்பி அவளைப் பார்த்தாள். கோபமில்லை. களைப்புதான் இருந்தது. "நான் கெஞ்சி அவரு சரின்னு சொல்லியிருந்தா, அது புருசன் பொண்டாட்டிக்குள்ள நடந்தது. எனக்காகப் பட்டாருன்னு இருந்திருக்கும். இப்ப யாருக்காகப் பட்டாரு? அத்தினி நாளும் அந்த மெசினுக்கு அடியில தனியா இல்ல படுத்துக்கினு இருந்தாரு."

அம்மணி எழுந்துபோய் உலை வைத்தாள். "சாப்ட்டுட்டுப் போ" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

ரோஜா இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் இருக்கிறாள். பெட்டிக்கு வரும் பைட்டில் ஏதாவது உண்மையாகவே கெட்டுப்போனால், இப்போது அது தாண்டிப் போவதில்லை. அந்த இடத்தில் நின்று, "இங்க ஒண்ணு கேக்கல, திருப்பிச் சொல்லுங்க" என்கிறது. அடிக்கடி இப்படிச் சொல்லி உயிரை வாங்குகிறது, பெட்டி மட்டம் என்று வாங்கியவர்கள் புகார் சொல்கிறார்கள். இரண்டு பேர் திருப்பியே கொடுத்துவிட்டார்கள். சித்தார்த்தன் புகார்களைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். அவளும் படித்துப் பார்ப்பாள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, ஏன் அப்படி வைத்திருக்கிறோம் என்று பொறுமையாக விளக்குவாள். அண்ணனைப் பற்றிச் சொல்லமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் அம்மணியும் கோயிலுக்குப் போகிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் மழைக்கு முளைத்த புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்து வருகிறார்கள். நடுவில் அம்மணி ஏதாவது சொல்லி ரோஜாவின் காதில் சரியாக விழாவிட்டால், ரோஜா தலையாட்டுவதில்லை. நின்று, "என்னா அண்ணி சொன்னீங்க?" என்று கேட்கிறாள்.